அலாரத்துக்குச் சுருதி சேர்த்த சார்

பேய், ஆவி இதுலயெல்லாம் எனக்குத் துளிகூட நம்பிக்கை கிடையாதுங்க, அதை முதல்லயே சொல்லிடறேன். ஈரோட்டுல நாங்க குடியிருந்த வீடே சுடுகாட்டுக்குப் போற ரோட்டு மேலதான் இருந்துச்சு, வாரத்துக்கு நாலு சங்குச் சத்தம் கேட்டுக்கிட்டே சோறு தின்னு வளர்ந்தவன் நான், ஒண்ணும் வந்து என்னைப் புடிச்சதில்ல. எவனாச்சும் பேய்க்கதை ஆரம்பிச்சா, "சரி, வெள்ளைப் புடவை எப்ப வருது"ன்னு கேட்டு அவன் வாயை அடைச்சிடுவேன். அதனால நீங்க இப்ப உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டே கேட்டாலும் நான் தப்பா எடுத்துக்க மாட்டேன், உங்க இடத்துல இருந்தா நானும் அதைத்தான் பண்ணுவேன்.

இது நடந்தது தொண்ணூத்தெட்டு டிசம்பர்ல. ஒய்டூகே கம்ப்யூட்டர் வேலைக்குன்னு கப்பல் கப்பலா எங்காளுங்க அமெரிக்கா வந்து இறங்குன காலம், நானும் என் வொய்ஃப் சுமதியும் நியூ ஜெர்சில பிளெய்ன்ஸ்பரோல ஒரு அபார்ட்மென்ட்ல இருந்தோம். எங்க பொண்ணு நித்யாவுக்கு அப்ப மூணு வயசு. எங்களது கிரவுண்ட் ஃப்ளோர், கீழ் வீட்டுக்காரன் சத்தம்னு கம்ப்ளெய்ன்ட் பண்ண வழியில்ல, அந்த ஒரே காரணத்துக்காக சனிக்கிழமை சாயங்கால பஜனை எங்க ஹால்லதான்னு ஆகிப்போச்சு. பாட வர்றவங்கள்ல முக்காவாசிப் பேருக்குப் பாட வராது, என்னையும் சேர்த்து. ஆனா சபாநாயகம் சார் வருவார், அவருக்காகத்தான் அத்தனை பேரும் வந்தோம்.

சார் பக்கத்துல ஒரு காலேஜ்ல கணக்கு புரொபசர். திருநெல்வேலிக்காரர், அம்பது தாண்டின வயசு, நெட்டையா ஒல்லியா இருப்பார். வேட்டி கட்டிக்கிட்டு அதுக்குக் கீழ வெள்ளை சாக்ஸ் போட்டிருப்பார், கேட்டா "ஊர் வேட்டி, குளிரு அமெரிக்காக் குளிருல்லா"ம்பார். முட்டி வலிங்கறதால தரையில உக்கார மாட்டார், அவருக்குன்னே எங்க வீட்ல ஒரு இரும்பு மடக்கு நாற்காலி இருந்துச்சு. கையில மெட்ராஸ்ல வாங்குன ஒரு குட்டி எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி. அதுக்கு அந்தச் சதுர பேட்டரி போடணும், ஒம்போது வோல்ட் பேட்டரி. சாருக்குக் கணக்கு வரும், பாட்டு வரும், பேட்டரி வாங்கற ஞாபகம் மட்டும் வரவே வராது.

இங்கதான் எங்காளுங்களுக்கே உண்டான கோணப்புத்தி. ஸ்மோக் அலாரம் இருக்குல்ல, சீலிங்ல வட்டமா, அதுலயும் அதே சதுர பேட்டரிதான். நாம கடுகு தாளிச்சாலே அது கத்தும், வத்தக்குழம்பு வெச்சா ஊரையே கூட்டும், அதனால அந்தப் பேட்டரியைக் கழட்டறது நமக்கெல்லாம் கை வந்த கலை. பெட்டி மக்கர் பண்ணுனதும் யாராச்சும் ஒருத்தன் நாற்காலி மேல ஏறி அலாரம் பேட்டரியைக் கழட்டிச் சார் கையில குடுத்துருவான். சார் எந்த வீட்ல பாடுனாலும் அந்த வீட்டு அலாரம் வாயைப் பொளந்துக்கிட்டுத் தொங்கும்னு ஒரு ஜோக்கே உண்டு.

ஆனா ஒண்ணு, மனுஷன் அதைத் திருப்பி மாட்டாம வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார். சாப்பாடு ஆனதும் அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, முட்டி வலியோட, வேற யாரையும் ஏற விடாம அவரே ஏறி மாட்டுவார். "சுருதி எனக்கு, உசுரு உங்களுக்கு, கலந்துரப்படாதுவே"ம்பார். மாட்டிட்டு டெஸ்ட் பட்டனை ஒரு அமுக்கு. பீப்னு ஒரு சத்தம் வரும். உடனே கண்ணை மூடிக்கிட்டு அதுக்குக் கீழ "ம்ம்ம்"னு ஒரு ஹம்மிங் குடுத்து, அந்தச் சத்தத்தோட கொஞ்சம் கொஞ்சமா போய்ச் சேருவார். சேர்ந்ததும், "உங்க வீட்டு அலாரம் பஞ்சமத்துல நிக்கி, நல்ல அலாரம்"னு சர்ட்டிஃபிகேட் குடுப்பார். எங்க மேல் வீட்டு மனோகர் அலாரம் அபஸ்வரம்னு சொல்லி அவனைப் பாடாப் படுத்துவார். நித்யா அவர் காலைக் கட்டிக்கிட்டு அண்ணாந்து பாத்துக்கிட்டே நிப்பா, அவளுக்கு அதுதான் சனிக்கிழமை விளையாட்டு.

அவர் எப்படி செத்தார்னு சொல்றேன். காலேஜ் பார்க்கிங் லாட்ல, ஒரு ஸ்டூடன்ட் பொண்ணோட கார் கண்ணாடியில உறைஞ்சு கிடந்த ஐஸைச் சுரண்டிக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கார். பரிட்சைக்கு லேட்டாயிடுச்சு, கிளவுஸ் இல்லன்னு அந்தப் பொண்ணு நின்னிருக்கா. சுரண்டிக்கிட்டே இருந்தவர் அப்படியே பனியில உக்காந்துட்டார், அவ்வளவுதான், ஹார்ட் அட்டாக். எனக்குச் சொந்த அண்ணன் போன மாதிரி இருந்துச்சு. இந்த ஊர்ல வந்து இறங்குன முதல் வாரம் ஏர்போர்ட்ல இருந்து எங்களைக் கூட்டிட்டு வந்து, ரசம் சாதம் குடுத்து, நித்யாவுக்கு ஜாக்கெட் வாங்கிப் போட்டது அவர்தான். நான் அழுதேங்க, வெக்கமில்லாம அழுதேன்.

பதினாறாம் நாள் அன்னிக்கு மதியம் எங்க ஹால்லயே அவருக்குப் பாடலாம்னு முடிவாச்சு. அவர் வொய்ஃபை நாங்க ஆன்ட்டின்னுதான் கூப்பிடுவோம். குழந்தைங்க கிடையாது அவங்களுக்கு. சாரோட பெரிய போட்டோவையும் சுருதிப் பெட்டியையும் எடுத்துக்கிட்டு ஆன்ட்டி வந்தாங்க. டிசம்பர்ல பூவுக்கு எங்க போறது, சுமதி கடையில இருந்து பிளாஸ்டிக் மல்லிகை மாலை வாங்கியாந்து போட்டா. பின்பக்கக் கண்ணாடிக் கதவுப் பக்கம் சின்ன மேஜை, மேல போட்டோ, முன்னாடி எண்ணெய் விளக்கு.

பெட்டியை ஆன் பண்ணுனா, வழக்கம் போல செத்துப் போன பேட்டரி. எல்லாரும் ஒரு நிமிஷம் என் மூஞ்சியையும் சீலிங்கையும் பாத்தாங்க, அழுதுக்கிட்டிருந்த ஆன்ட்டி கூடச் சிரிச்சுட்டாங்க. நான் சார் நாற்காலி மேல ஏறி அலாரம் பேட்டரியைக் கழட்டிக் குடுத்தேன். பெட்டி பாடிச்சு.

சாரோட ஸ்டூடன்ட் ஒருத்தன் வந்திருந்தான், மார்க்னு பேரு, ஆறடி ஆளு, கணக்குல திரும்பத் திரும்ப ஃபெயில் ஆனவனாம். ஷூவைக் கழட்டிட்டு மூலையில கையைக் கட்டிக்கிட்டு நின்னான். அவன் சொன்னதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. எக்ஸாம் ஹால்ல எவனாச்சும் பயந்து போய் வெறும் பேப்பரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா, சார் சத்தமில்லாம வந்து அவன் முதுகுக்குப் பின்னாடி நின்னு, அந்த "ம்ம்ம்"மைக் குடுப்பாராம், அவனுக்கு மட்டும் கேக்கற மாதிரி. பயம் போயிடுமாம். "நான் பாஸ் பண்ணுனது அந்த சவுண்டாலதான்"னு சொல்லி அந்தத் தடிப்பய விசும்பி விசும்பி அழுதான்.

வெளியில பனி விழ ஆரம்பிச்சதும் எல்லாரும் வடை பாயசத்தைச் சாப்பிட்டதும் சாப்பிடாததுமா கிளம்பிட்டாங்க, ரோடு மூடிட்டா அவ்வளவுதான். மனோகர் ஆன்ட்டியை வீட்ல விட்டுட்டு வந்தான். போட்டோ ராத்திரி வரைக்கும் இங்கயே இருக்கட்டும்னு ஆன்ட்டி சொல்லிட்டு, பெட்டியை மட்டும் மடியில வெச்சுக்கிட்டுப் போனாங்க. அதுக்குள்ள எங்க பேட்டரி. எனக்கும் தோணல, சுமதிக்கும் தோணல, எப்படித் தோணும்? இத்தனை நாளா அது சார் பண்ற வேலை. நாங்க யாருமே ஒரு தடவை கூட அதைத் திருப்பி மாட்டுனதில்ல.

நாற்காலியை நான்தான் மடக்கி, கோட்டெல்லாம் தொங்கற குளோசெட்ல உள்ள தள்ளிக் கதவைச் சாத்துனேன். இதுவும் ஞாபகம் இருக்கட்டும். விளக்கை நாமா அணைக்கக் கூடாது, தானா மலையேறட்டும்னு சுமதி சொன்னா. நித்யா போட்டோவுக்கு முன்னாடி ஹீட்டர் காத்து வர்ற இடத்துல போர்வையை விரிச்சுப் படுத்துத் தூங்கிட்டா. எழுப்ப மனசு வரல. உண்ட மயக்கம், அழுத மயக்கம், நாங்களும் பெட்ரூம் கதவை ஒருக்களிச்சு வெச்சுட்டுப் போய்ப் படுத்தோம். டிசம்பர்ல அங்க சாயங்காலம்னு ஒண்ணு கிடையாது, நாலரைக்கெல்லாம் கும்மிருட்டு.

தூக்கத்துல பீப்னு ஒரே ஒரு சத்தம். அதுக்குக் கீழயே "ம்ம்ம்"னு அந்த ஹம்மிங், கொஞ்சம் இறக்கத்துல ஆரம்பிச்சு மெதுவா மேல ஏறிப் போய்ச் சேருது.

நம்புனா நம்புங்க, எனக்கு அப்ப வந்தது நிம்மதி. சார் பேட்டரியை மாட்டிட்டாருன்னு நெனச்சுக்கிட்டுத் திரும்பிப் படுத்தேன். போர்வையைக் கூட இழுத்து விட்டுக்கிட்டேன். அப்புறம்தான், இன்னிக்கு எதுக்கு வீட்டுக்கு அத்தனை பேர் வந்தாங்கன்னு ஞாபகம் வந்துச்சு.  ஹம்மிங் நிக்கல. அவர் பாடுறப்ப நடுவுல மூக்குல ஒரு மூச்சு எடுப்பார், அது எங்க எல்லாருக்கும் பழக்கம். இதுல மூச்சே இல்ல. நூல் மாதிரி நீண்டுக்கிட்டே இருக்கு.

எந்திரிச்சுக் கதவைத் திறந்தேன். ஹால் பூராக் கருப்புப் புகை, பிளாஸ்டிக் கருகுற நாத்தம் தொண்டையை அடைக்குது. கடைசியில போட்டோ இருந்த இடத்துல மஞ்சளா நெருப்பு, கண்ணாடிக் கதவுல தொங்குன பிளாஸ்டிக் தடுப்பெல்லாம் உருகி ஒழுகுது. அந்த நெருப்புக்கு ரெண்டு கை தள்ளி என் பொண்ணு தூங்கிக்கிட்டிருக்கா.

எனக்கும் அவளுக்கும் நடுவுல, அலாரத்துக்கு நேர் கீழ, அந்த மடக்கு நாற்காலி விரிச்சுப் போட்டிருந்துச்சு. அதுமேல ரெண்டு காலு. வெள்ளை சாக்ஸ். அதுக்கு மேல வேட்டி, இடுப்புக்கு மேல புகையில ஒண்ணும் தெரியல, ரெண்டு கையும் மேல தூக்கியிருந்த மாதிரி ஒரு நிழல். முதுகுதான் என் பக்கம். சாக்ஸோட குதிகால்ல ஈரம், பனியில நடந்து வந்தா ஆகுமே அப்படி.

நான் நகரலைங்க. பொண்ணு நெருப்புக்கிட்ட கிடக்கா, நான் அசையாம நிக்கறேன். எனக்கு நெருப்பு பயமில்ல. அவர் திரும்பிடுவாரோன்னுதான் பயம். நான் அழுத சார், என் பொண்ணுக்கு ஜாக்கெட் வாங்கிக் குடுத்த சார், அவர் மூஞ்சியைப் பாக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரிஞ்ச சாமியெல்லாம் வேண்டிக்கிட்டேன். பயந்த பசங்க பயத்தைப் போக்குன அதே சத்தம்தான், எனக்குக் கேக்கக் கேக்கப் பயம் கூடிக்கிட்டே போச்சு.

அப்ப நித்யா இருமுனா, ஒரே ஒரு இருமல். அதுக்கப்புறம் நான் யோசிக்கல. அந்த இடம் குறுகல், ஒரு பக்கம் சுவரு, ஒரு பக்கம் டைனிங் டேபிள், நாற்காலியை ஒட்டித்தான் போயாகணும். தலையைக் குனிஞ்சு, கண்ணைத் தரையில வெச்சுக்கிட்டுப் புகுந்தேன். வேட்டி ஓரம் என் கன்னத்துல பட்டுச்சு. வீடே கொதிக்குது, அந்தத் துணி மட்டும் ஈரமா ஜில்லுனு இருந்துச்சு, ஃப்ரீசர்ல இருந்து எடுத்த மாதிரி. ஹம்மிங் என் உச்சந்தலைக்கு மேல கேட்டுச்சு.

புள்ளைய வாரித் தூக்குன அந்த நிமிஷம் அலாரம் முழுசாக் கத்த ஆரம்பிச்சுது. காது கிழியற சத்தம். "சுமதீ"ன்னு நானும் கத்துனேன். வாசக் கதவு ஹால்லயே இருந்ததால திரும்ப அந்தப் பக்கம் போக வேண்டி வரல, அது எங்க குலதெய்வம் புண்ணியம். சுமதி பெட்ரூம்ல இருந்து ஓடி வந்தவ நாற்காலியில முட்டியை இடிச்சுக்கிட்டு நொண்டிக்கிட்டே வெளிய வந்தா. நித்யா அழவே இல்லைங்க. என் தோள் மேல தலையை வெச்சு, பின்னாடி அண்ணாந்து பாத்துக்கிட்டே, "ம்ம்ம்"னு அதே சுருதியில கூடச் சேர்ந்து பாடிக்கிட்டு வந்தா.

மேல் வீட்ல இருந்து மனோகர் அதுக்குள்ள நைன் ஒன் ஒன் கூப்பிட்டுட்டான். ஃபயர் வண்டி வந்து அணைச்சுட்டாங்க, ஹால்ல பாதி போச்சு, ஆளுங்க யாருக்கும் ஒண்ணும் ஆகல. போட்டோ எரிஞ்சு போச்சு. நாங்க போர்வையைச் சுத்திக்கிட்டுப் பனியில நிக்கறோம், ஃபயர்மேன் ஒருத்தர் வெளிய வந்து என்னைத் தனியாக் கூப்பிட்டுக் கோவமாக் கேட்டார், அலாரத்துல பேட்டரியை எவன் எடுத்ததுன்னு. மூடி திறந்து தொங்குது, உள்ள ஒண்ணுமில்ல, ரெண்டு ஒயர்தான் இருக்குங்கறார். இந்த வீட்ல குழந்தை வேற இருக்கு, நீங்க பொழைச்சது அதிர்ஷ்டம்னு திட்டுனார்.

மனோகருக்கு ஒண்ணும் புரியல. "என்ன சொல்றாரு இவரு? அலாரம் கேட்டுத்தானய்யா நான் போனே பண்ணுனேன்"னான். அவன் வொய்ஃபும் கேட்டிருக்கா. எதிர் வீட்டுச் சீனாக்காரக் கிழவி கூடக் காதைப் பொத்திக் காட்டுனாங்க. நான் மட்டும் கேட்டிருந்தா கனவுன்னு சொல்லித் தள்ளியிருப்பேன், அத்தனை பேரும் கேட்டிருக்காங்களே.

அன்னிக்கு மனோகர் வீட்ல இருந்துதான் ஆன்ட்டிக்கு போன் போட்டேன். போட்டோ எரிஞ்சதைச் சொல்லணும், அதுக்கு மேல எனக்கு ஒரு விஷயம் தெரிஞ்சே ஆகணும்.

"ஆன்ட்டி, அந்தச் சுருதிப் பெட்டியைக் கொஞ்சம் திறந்து பாருங்களேன். உள்ள பேட்டரி இருக்கா?"

டக்குனு மூடி திறக்கற சத்தம் கேட்டுச்சு. "இருக்கேப்பா. உங்க வீட்டுப் பேட்டரில்லா இது. ஐயோ, அவுக இருந்தா மாட்டாம வந்திருக்க மாட்டாகளே."

எனக்கு அடக்க முடியல. நாற்காலி, சாக்ஸ், ஹம்மிங் எல்லாத்தையும் கொட்டிட்டேன். துக்கத்துல இருக்கற பொம்பளைகிட்ட இதையெல்லாம் சொல்லலாமான்னு பின்னாடிதான் தோணுச்சு. ஆன்ட்டி அழுவாங்கன்னு பாத்தேன், அழல. மெதுவா ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க.

"மூஞ்சியக் காட்டுனாகளா?"

"இல்ல ஆன்ட்டி. முதுகுதான்."

"எனக்கும் காட்ட மாட்டேங்காக"ன்னு சொல்லிட்டு போனை வெச்சுட்டாங்க. அடுத்த மாசமே வீட்டைக் காலி பண்ணிட்டு ஊருக்குப் போயிட்டாங்க. நான் அப்புறம் எத்தனையோ தடவை பேசியிருக்கேன், அந்தப் பேச்சை மட்டும் அவங்களும் எடுத்ததில்ல, நானும் எடுத்ததில்ல.

சுமதி இன்னி வரைக்கும் ஒத்துக்க மாட்டா. புகை மூளைக்கு ஏறிடுச்சு உங்களுக்கும்பா. அலாரத்துல மிச்ச மீதி கரண்ட் இருந்திருக்கும்பா. நாற்காலி மேல யாருமே இல்ல, நான்தான் இடிச்சுக்கிட்டேனேம்பா. சரி, குளோசெட்டுக்குள்ள இருந்த நாற்காலியை யாரு விரிச்சுப் போட்டதுன்னு கேட்டா, அடுப்புல பால் பொங்குதுன்னு எந்திரிச்சுப் போயிடுவா. நித்யாகிட்ட இதைச் சொல்லக் கூடாதுன்னு மட்டும் ரெண்டு பேரும் அன்னிக்கே பேசி வெச்சுக்கிட்டோம். புள்ள பயந்துக்கும். தீப்பிடிச்ச விஷயமே அவளுக்குத் தெரியாது, சாரையும் அவளுக்கு ஞாபகம் இல்ல.

இப்ப அவ கலிஃபோர்னியாவுல, சான் ரமோன்ல வேலை பாக்கறா. போன வருஷம் புது அபார்ட்மென்ட்டுக்குக் குடி போனா, சாமான் இறக்க நானும் போயிருந்தேன். பெட்டி ஒண்ணையும் பிரிக்கல, முதல் வேலையா ஒரு மடக்கு நாற்காலியை இழுத்து அலாரத்துக்குக் கீழ போட்டு ஏறுனா. டெஸ்ட் பட்டனை அமுக்குனா. பீப்னு கேட்டுச்சு. இறங்கி, நாற்காலியை விட்டு ஒரு அடி தள்ளி நின்னு, அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தா.

"என்னடா பண்ற?"ன்னு கேட்டேன்.

"வெயிட்டிங் ஃபார் தி அதர் ஒன், பா."

"எந்த அதர் ஒன்?"

"தி லோ சவுண்ட். அது வரும்ல, பீப்புக்கு அப்புறம்? ஆல்வேஸ் வரும்." எல்லா வீட்டு அலாரத்துலயும் அது உண்டுங்கற மாதிரி, நான் என்னமோ தெரியாம கேட்டுட்ட மாதிரி, சாதாரணமாச் சொன்னா.

நான் மூச்சைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். எனக்கு ஒண்ணும் கேக்கல, ஃப்ரிட்ஜ் சத்தம்தான் கேட்டுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு அவ தலையை ஆட்டி, "ஓகே, குட்"னு சொல்லிட்டுப் பெட்டி பிரிக்கப் போயிட்டா.

வழியில கிடக்குதேன்னு அந்த நாற்காலியை மடக்கப் போனேன். அவ திரும்பிக் கூடப் பாக்காம, "நோ பா, இப்ப வேணாம், லீவ் இட் தேர்"னா. நான் கையை எடுத்துட்டேன்.